நவம்பருக்கு அண்டி

மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கத்து அண்டி ஆபீசுகளில், அதாவது முந்திரி ஆலைகளில், உடைபடும் கொட்டையில் பெரும்பகுதி நம் மண்ணில் விளைந்ததில்லை. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி-பிசாவ், தான்சானியா என்று கடல் கடந்து வருகிறது. பருப்பானதும் அமீரகத்துக்கும் ஜப்பானுக்கும் நெதர்லாந்துக்குமாக மறுபடி கடலேறுகிறது. நடுவில் அதைத் தொடுகிற கைகள் விளவங்கோடு, கல்குளம் வட்டாரப் பெண்களுடையவை. கொட்டை வாங்குவதும் பருப்பை ஏற்றி அனுப்புவதும் என் சோலி.

இது விலை பேசுகிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இது காலண்டர் வேலை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரியில் தொடங்கும் அறுவடை ஜூனோடு முடிந்துவிடும். பண்ருட்டிக் கொட்டையும் கோடையில்தான். தான்சானியா ஏலம் தொடங்க அக்டோபர் ஆகும். அந்தச் சரக்கு நம் குடோனுக்கு வந்து சேர டிசம்பரோ ஜனவரியோ. ஆக, கோடையில் வாங்கியதை வைத்துத்தான் நவம்பரைத் தாண்ட வேண்டும். தொலி உரிக்கிற இடத்துக்குப் போனால் யாராவது ஓர் அக்கா தலை நிமிராமலே கேட்பார்: "சாரே, ஐப்பசிக்கு சோலி உண்டுமா?" எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. துண்டுக்கூலி வாங்குகிறவருக்கு, கொட்டை இல்லாத நாள் கூலி இல்லாத நாள்.

வாங்கி நிரப்பினால் போதாதா என்றால், அங்கேதான் சிக்கல். நான்கு மாதத்துக்குள் மிச்ச வருடத்துக்கான கொட்டைக்குப் பணம் கட்ட வேண்டும். வங்கி வட்டி அன்றிலிருந்தே ஓடும். ஆகஸ்டில் சந்தை இறங்கினால் குடோனில் இருப்பதெல்லாம் நஷ்டக் கொட்டை. போதாததற்கு, ஆப்பிரிக்கச் சரக்கு வந்து குவிவதும் நம் ஊர் ஜூன் மழையும் ஒன்றாக வரும். ஈரம் எட்டு சதவீதத்துக்கு இறங்கிய கொட்டை மாதக்கணக்கில் இருக்கும். பத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். வெயில் தலைகாட்டும் ஒவ்வொரு மணி நேரமும் களத்தில் கொட்டை பரந்து கிடக்க வேண்டும்.

வாங்குகிற கொட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிய ஒரே வழி, வெட்டிப் பார்ப்பது. ஒரு கிலோ மாதிரி எடுத்து, ஒவ்வொரு கொட்டையையும் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நல்லது, புள்ளி விழுந்தது, முற்றாதது, எண்ணெய் கசிந்தது, பொக்கு என்று பிரிப்போம். நல்ல பருப்பின் எடையோடு, அரைகுறைகளில் பாதியைச் சேர்த்துக் கணக்கிட்டால் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்று வரும். உலகம் முழுக்க இந்தக் கலப்பு அளவைதான். கிலோவுக்கு 272 கிராம் கிடைத்தால் 48 பவுண்டு அவுட் டர்ன். ஒரு பவுண்டு வித்தியாசம் என்பது மாதிரியில் ஆறு கிராம்கூட இல்லை. 24 டன் கண்டெய்னரில் 300 மூட்டை. அங்கே அதே ஒரு பவுண்டு 136 கிலோ பருப்பாகிவிடும். ஐவரி கோஸ்டின் அபிஜானில் ஒருவர் வெட்டுகிறார், இங்கே நாங்கள் வெட்டுகிறோம். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் கடல். இரும்புப் பெட்டிக்குள் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்து வேர்த்து, கூரையிலிருந்து சொட்டுகிற நீர் மேல் வரிசை மூட்டைகளைக் கெடுக்கும். அதனால் ஏற்றும்போதே உட்சுவரில் காகிதம் ஒட்டவும், ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடவும் ஒப்பந்தத்தில் எழுதுகிறேன். பேச்சில் ஒத்துக்கொண்டது போதாது.

மாதிரி எடுப்பவரின் கை எந்த மூட்டைக்குள் போகிறது என்பதிலேயே பாதி நேர்மை இருக்கிறது. கதவுப் பக்கத்து மூட்டை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பில் ஆஃப் லேடிங், தாவர நலச் சான்று, புகையூட்டிய சான்று. கொழும்பில் கப்பல் மாறித் தூத்துக்குடிக்கு வரும் பெட்டி வந்துவிடும். வங்கி வழியாக வரவேண்டிய அசல் வராது. அந்த இடைவெளிக்குத் துறைமுக வாடகை.

விற்கிற பக்கத்துக்கும் தனிக் காலண்டர் உண்டு. கிறிஸ்துமஸ் சரக்கு ஐரோப்பாவுக்கு இங்கிருந்து செப்டம்பருக்குள் கிளம்ப வேண்டும். ரமலான் வருடத்துக்குப் பதினொரு நாள்போல முன்னால் நகரும். உள்நாட்டில் தீபாவளி. 20 அடிப் பெட்டியில் 50 பவுண்டு அட்டைப்பெட்டி 700. தரம் டபிள்யூ 320 என்று எழுதிவிட்டால் ஒரு பவுண்டில் 300 முதல் 320 முழுப்பருப்பு இருந்தாக வேண்டும். 2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தானபோது ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் இரண்டு வாரம்போல நீண்டது. அந்த இரண்டு வாரத்தை உரிப்பவர்களின் அவசரத்தில் ஈடுகட்டச் சொல்லக்கூடாது என்பது என் பிடிவாதம். அவசரத்தில் உரித்த பருப்பு உடையும், நகக்கண்ணும் கிழியும்.

இந்தத் தொழிலின் முதல் எல்லை கடலல்ல, கேரளத்தைத் தொடும் களியக்காவிளை. கேரளத்தில் கூலிச் சட்டங்கள் இறுகியபோது கொல்லத்து முதலாளிகள் பலர் இந்தப் பக்கம் ஆலை திறந்தார்கள். குறைந்த கூலிக்காக வந்த தொழில் இது என்பதை மறைக்கத் தேவையில்லை. பருப்பு ஏற்றுமதியில் 2006இல் வியட்நாம் நம்மை முந்தியது; இயந்திரங்களோடு வந்து ஆப்பிரிக்கச் சந்தையில் நம்மோடு போட்டியிட்டு வாங்குகிறது. 2016 பட்ஜெட்டில் கச்சாக் கொட்டைக்கு 5 சதவீத இறக்குமதி வரி வந்தது. 2018இல் அது 2.5 ஆனது. இன்று ஐவரி கோஸ்டும் கொட்டையை அங்கேயே உடைக்க ஆலைகளை வளர்க்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கேயும் பெண்கள்தான் வேலை கேட்டு நிற்கிறார்கள். ஆனால் நமக்கு வரும் கச்சாக் கொட்டை குறையும், விலை ஏறும். மலிவாக வாங்குவதை மட்டுமே திறமையாக நினைக்கும் ஆலைகள் அதைத் தாங்காது. ஒரு வருடத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தோம் என்பதையும் லாபக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதவேண்டும் என்று எங்கள் ஆபீசில் விடாமல் சொல்லிவருகிறேன்.

2025 மே 2 அன்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தாய்க்கப்பலிலிருந்து சிறு கப்பலுக்குப் பெட்டி மாற்றும் துறைமுகமாகவே அது தொடங்கியது. களியக்காவிளைக்கு அது தூத்துக்குடியைவிட எவ்வளவோ பக்கம். நம் லாரி நேராக உள்ளே போய்ப் பெட்டி எடுப்பது அன்றாட வழக்கமானால் கொழும்பில் காத்துக்கிடக்கும் நாட்களும் லாரி வாடகையும் குறையும். அந்த மிச்சத்தை விலைக்குறைப்பாக வெளிநாட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிடாமல், கோடையில் கூடுதலாகச் சில பெட்டி கொட்டை வாங்கி நவம்பருக்கென்று ஒதுக்கி வைக்கவேண்டும். அதற்கான குடோன் இடத்தை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.