முட்டுக்காட்டில் நின்ற சைக்கிள், மாமல்லபுரம் போன கதை!

ஞாயிறு அதிகாலை 5 மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போயிருக்கிறீர்களா? திருவான்மியூரைத் தாண்டினாலே, பின்னால் சிவப்பு விளக்கு மினுங்க சைக்கிள்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த வரிசையில் சேரும் ஆசையில், பெங்களூருக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற ரோடு பைக்கை எடுத்துக் கிளம்பினேன். இலக்கு, சுமார் 45 கி.மீ தள்ளியிருக்கும் மாமல்லபுரம்.

அந்தப் பயணம் முட்டுக்காடு பாலத்தோடு முடிந்தது. முழங்காலின் பின்பக்கம் சுள்ளென்று வலி. உள்ளங்கை இரண்டும் மரத்துப்போய், பிரேக் பிடிப்பதே தெரியவில்லை. 'நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார், 60 வயதைத் தாண்டிய சைக்கிள்காரர் ஒருவர்.

"இது யார் வண்டிம்மா?"

"எங்க அண்ணனோடது சார்."

"உன்னைவிட உயரமா?"

"அரை அடி அதிகம் சார்."

"அப்புறம் வலிக்காம என்ன பண்ணும்?" என்று சிரித்தபடி ஆலன் கீயை எடுத்தார்.

சைக்கிளை அவர் பிடித்துக்கொள்ள, நான் ஏறி உட்கார்ந்தேன். "குதிகாலை பெடல்ல வெச்சு பின்பக்கமா சுத்து. பெடல் அடியில வரும்போது கால் நேரா நீளணும், இடுப்பு சாயக் கூடாது" என்றார். எனக்குக் குதிகால் எட்டவே இல்லை. எட்டும்வரை சீட்டை இறக்கினார். பிறகு முன்பாதத்தை பெடலில் வைத்தால், முழங்கால் லேசாக மடங்கி நின்றது. அதுதான் சரியான உயரமாம். சீட் அதிக உயரத்தில் இருந்தால் முட்டியின் பின்னாலும், ரொம்பத் தாழ்ந்திருந்தால் முன்னாலும் வலி வரும் என்றார்.

சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததையும் காட்டினார். உடம்பு முன்னால் சரிந்து, பாரமெல்லாம் கையில் இறங்கியிருக்கிறது. அதைச் சமமாக்கினார். என் முழங்கை மட்டும் இன்னும் குச்சிபோல நீண்டே இருந்தது.

"ஹேண்டில்பார் உனக்குத் தூரம். அதுக்காக சீட்டை முன்னாடி தள்ளிடாதே, முட்டிக்குத்தான் கஷ்டம். குட்டையான ஸ்டெம் போட்டுக்கோ. முழங்கை லேசா மடங்கியிருக்கணும். இனிமே எதை மாத்தினாலும் 5 மி.மீ அளவுக்கு மாத்தி, ரெண்டு நாள் ஓட்டிப் பாரு" என்றார்.

ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். அதை மாற்றிக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி கிளம்பினேன்.

போன தடவை நான் முட்டுக்காட்டின் காயலைப் பார்க்கவே இல்லை. வலிதான் கண்ணை மறைத்திருந்தது. இந்த முறை விடியல் வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன். கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை... மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் இறங்கியபோது தொடையில் அலுப்பு இருந்தது. முட்டியில் வலி இல்லை. கையும் மரக்கவில்லை.

அண்ணனுக்கு போட்டோ அனுப்பினேன். "நான் ஊருக்கு வரும்போது என் உயரத்துக்கு மாத்தி வை" என்று உடனே பதில் வந்தது.

சீட் கம்பியில் அவன் அளவுக்கு ஒரு டேப், என் அளவுக்கு ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். அவனுடைய பழைய ஸ்டெம்மும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்காதே அண்ணா!