இறக்கத்தில் தெரியும் கியர்

கொலோன் நகரின் டொய்ட்ஸ் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஓட்டோ சதுக்கம் இருக்கிறது. அங்கே நிக்கோலவுஸ் ஓட்டோவின் பழைய எந்திரத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. ஓட்டோவும் ஓய்கன் லாங்கனும் 1864-இல் இந்த ஊரில் தொடங்கிய நிறுவனம்தான் உள்ளெரி எந்திரங்களுக்கென்றே உலகில் எழுந்த முதல் தொழிற்சாலை. 1876-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எந்திரம் டொய்ட்ஸில் ஓடத் தொடங்கியது. இன்று நாம் ஓட்டும் பைக்கும் காரும் அதன் வழி வந்தவை. ஐஃபெல் மலைப் பக்கம் போகும் வழியில் நண்பர்களுக்காக இந்தச் சதுக்கத்தில் காத்திருந்தேன். அன்று பார்க்கப் போகும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஓட்டோவின் எந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஓடிக்கொண்டிருந்தால்தான் அதற்கு வலு. சுற்று ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். நிற்கிற வண்டியை நகர்த்த வேண்டுமானால், சுற்றுகிற எந்திரத்துக்கும் நிற்கிற சக்கரத்துக்கும் நடுவில் வழுக்கிக் கொடுக்கிற ஏதோ ஒன்று வேண்டும். மேனுவலில் அந்த வேலையைக் கிளட்ச் தட்டு செய்கிறது. வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் செய்கிறது. கப்பல்களுக்காக 1905-இல் இந்த வழியைக் கண்டவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். தட்டா, எண்ணெயா என்பதுதான் கேள்வி. நகரத்துச் சாலையில் இது வசதியைப் பற்றிய கேள்வி. கரடுமுரடான மலைத்தடத்தில் உயிரைப் பற்றிய கேள்வி.

நான் பழைய சுசுகி ஜிம்னி ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் இருவரிடம் அந்த வண்டி இருந்தது. ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவருடையது ஐந்து கியர் மேனுவல். இன்னொருவர் கோவைத் தோழி. அவருடையது நான்கு கியர் ஆட்டோமேட்டிக். எந்திரமும் டயரும் ஒன்றாக இருக்க, கியர்பாக்ஸும் அதற்கேற்ற ஆக்சில் விகிதமும் மட்டும் மாறியிருக்கும் இரண்டு வண்டிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமையாது.

தோழி ஆட்டோமேட்டிக் வாங்கியதற்குப் பின்னால் உரிமச் சட்டம் இருக்கிறது. இந்திய ஓட்டுநர் உரிமம் ஜெர்மனியில் குடியேறியபின் ஆறு மாதம்தான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதித்தான் ஆகவேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு கொடுத்தால் உரிமத்தில் 78 என்ற குறியீடு விழும். அதன்பின் மேனுவலைத் தொடக்கூடாது. 2021 ஏப்ரல் முதல் இதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. ஓட்டுநர் பள்ளியில் 45 நிமிட வகுப்புகளாகக் குறைந்தது 10 வகுப்பு மேனுவலில் ஓட்டி, பள்ளி வைக்கும் 15 நிமிடச் சோதனையிலும் தேறிவிட்டால், ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தவருக்கும் 197 என்ற குறியீட்டோடு இரண்டையும் ஓட்டும் உரிமை கிடைக்கிறது. புதிதாக இங்கே வரும் நம்மவர்கள் இந்த 10 வகுப்புச் செலவைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பின்னால் எந்த வண்டி கிடைத்தாலும் வாங்கும் சுதந்திரத்துக்கு அது சின்ன விலை.

கொலோனைச் சுற்றி ரைன் ஆறு கொண்டுவந்து குவித்த சரளைக்கல் ஏராளம். அதைத் தோண்டிய குழிகள் பல இன்று ஏரிகளாகிவிட்டன. நகரின் வடக்கே படகுப் போட்டி நடக்கும் ஃப்யூலிங்கர் ஏரியும் அப்படி வந்ததுதான். ஜெர்மனியில் காட்டுக்குள் இஷ்டப்படி வண்டி ஓட்ட முடியாது, அபராதம் கட்ட நேரும். அதனால் நாங்கள் போனது கட்டணம் கட்டி ஓட்ட அனுமதிக்கும் ஒரு பழைய குழிக்கு. முன்னிரவு மழையில் சரிவு முழுக்கச் சேறு. நடுவில் குட்டையாகத் தண்ணீர்.

முதலில் ஏற்றம். தோழியின் வண்டியில் லோ கியர் (கியர்பாக்ஸுக்கு அப்பால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் மெதுவான விகிதம்) போட்டு, நெம்புகோலை எல்-லுக்குத் தள்ளி, ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தினேன். வண்டி தயங்கவே இல்லை. ஒரு கல் குறுக்கே வந்தது. சக்கரம் அதன்மேல் ஏறும்வரை எண்ணெய் வழுக்கிக் கொடுத்துக்கொண்டே அழுத்தத்தையும் கூட்டியது. எந்திரம் அணையுமோ என்ற எண்ணமே வரவில்லை. சேற்றில் இந்த நன்மை இன்னும் பெரிது. மேனுவலில் கியர் மாற்றக் கிளட்சை மிதிக்கும் அந்த ஒரு நொடியில் சேறு வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆட்டோமேட்டிக்கில் இழுவை அறுபடுவதில்லை. மணலிலும் இதுதான் கதை.

அதே ஏற்றத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன் தன் வண்டியை ஏற்றினார். பாதியில் வேண்டுமென்றே எந்திரத்தை ஆஃப் ஆக்கிக் காட்டினார். புதிதாக ஓட்டுபவர்கள் இங்கேதான் பதறுவார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குப் போனால் வண்டி பின்னோக்கி ஓடும். கொஞ்சம் திரும்பிவிட்டால் சரிவில் உருளும். அவர் பிரேக்கை முழுதாக மிதித்தபடி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ரிவர்ஸ் கியர் போட்டு, எந்திரத்தைக் கிளப்பி, கிளட்சை முழுதாக விட்டபின்தான் பிரேக்கை எடுத்தார். வண்டி வந்த தடத்திலேயே நேராக, எந்திரத்தின் பிடியில் இறங்கியது. ஆட்டோமேட்டிக்கில் இந்தப் பாடமே தேவைப்படாது. பிரேக்கை மிதித்து ஆர்-க்குத் தள்ளினால் போதும்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஆட்டோமேட்டிக்தான் என்று முடிவு கட்டியிருப்பேன். பெரும்பாலானவர்கள் ஏற்றத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வண்டியின் உண்மையான குணம் இறக்கத்தில் தெரிகிறது.

மறுபக்கச் சரிவின் விளிம்பில் மேனுவல் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். முன் கண்ணாடியில் தரை தெரியவில்லை.

“தம்பி, ரெண்டு காலையும் எடுத்துப்போட்டுச் சும்மா இரும். பிறேக்கை மிதிச்சா சில்லு பூட்டி வழுக்கும். கிளச்சைத் தொட்டா வாகனம் பறக்கும். எஞ்சின் தானே பிடிக்கும்” என்றார் அண்ணன் பக்கத்து இருக்கையிலிருந்து.

கால்களை எடுத்தேன். வண்டி ஒருவர் மெதுவாக நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, சேற்றை அழுத்திக்கொண்டு இறங்கியது. அடிவரை அந்த வேகம் கூடவே இல்லை.

அடுத்து அதே சரிவில் ஆட்டோமேட்டிக். எல்-லில்தான் இருந்தது, லோ கியரும் போட்டிருந்தது. ஆனாலும் வண்டி முன்னே ஓடப் பார்த்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

“எனக்கும் இறங்கறப்பத்தாங்க பயம். லேசா மிதிச்சுட்டே வந்தாத்தான் நிக்குது” என்றார் தோழி.

ஒரே வண்டியில் இவ்வளவு வித்தியாசம் வருவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. முதல் கியரின் விகிதம், லோ கியரின் விகிதம், ஆக்சிலின் விகிதம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்ற எந்திரம் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது கிடைக்கும். ஜிம்னி மேனுவலில் 4.425, 2.002, 4.090, பெருக்கினால் 36. ஆட்டோமேட்டிக்கில் 2.875, 2.002, 4.300, பெருக்கினால் 25-க்குக் கொஞ்சம் கீழே. எந்திரம் சும்மா ஓடும் சுற்றில் முதலாவது மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக ஊரும். இரண்டாவது நான்கைத் தொடும்.

ஏற்றத்தில் இந்தக் குறை ஏன் தெரியவில்லை? டார்க் கன்வெர்ட்டர் நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது எந்திரத்தின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை பெருக்கித் தரக்கூடியது. 25 என்ற விகிதம் அப்போது அதைவிடப் பெரிய விகிதம்போல வேலை செய்கிறது. இறக்கத்தில் சக்கரம் எந்திரத்தைச் சுழற்றப் பார்க்கிறது, விசை எதிர்த்திசையில் பாய்கிறது. எண்ணெய் அப்போது எதையும் பெருக்கித் தராது, வழுக்கத்தான் செய்யும். ஆட்டோமேட்டிக் ஏற்றத்தில் கொடுத்த உதவி இறக்கத்தில் இல்லாமல் போவது இதனால்தான்.

ஹில் டிசென்ட் கண்ட்ரோல் பொத்தானை அழுத்தி மறுபடி இறக்கினோம். வண்டி தானே ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் பிடித்து விட்டு, கடகடவென்ற சத்தத்தோடு பத்திரமாக இறக்கிவிட்டது. நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. இந்தக் குழியின் சரிவு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையை முழுதும் பிரேக்கிலேயே இறங்கினால் தட்டுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் ஜீப்காரர்களைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். பாறைத் தடத்தில் ஆட்கள் நிறைந்த மேனுவல் ஜீப்பை லோ கியரில் போட்டு, பிரேக்கைக் கடைசிக்கென்று வைத்துக்கொண்டு இறக்குவார்கள். ஆஃப்ரோடு ஓட்டும் கலையை எனக்குத் தெரிந்து அவர்களைவிடச் செம்மையாகச் செய்பவர்கள் குறைவு.

மேனுவலின் குறைகளையும் அதே குழியில் பார்த்தேன். பாதி கிளட்சில் வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்திய ஒருவரின் வண்டியிலிருந்து கருகல் வாடை எங்கள் பக்கம்வரை வந்தது. தண்ணீரில் நடுவழியில் கிளட்சை மிதித்தால் சேற்றுத்தண்ணீர் தட்டுகளுக்கு இடையே புகும் ஆபத்தும் உண்டு. அதே நேரம், பேட்டரி தீர்ந்தால் தள்ளிக் கிளப்ப மேனுவலால்தான் முடியும். கிளட்ச் தட்டு மாற்றத் தெரிந்த மெக்கானிக் நம் ஊரில் எந்தச் சிறு நகரத்திலும் கிடைப்பார். ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறந்து பழுது பார்ப்பவரைத் தேடி கோவைக்கோ சென்னைக்கோ போகவேண்டும்.

இவ்வளவு இருந்தும் சந்தை ஆட்டோமேட்டிக் பக்கம் சாய்ந்துவிட்டது. டொயோட்டாவின் ஜெர்மன் தலைமையகம் இதே கொலோனின் மார்ஸ்டோர்ஃபில் இருக்கிறது. அவர்கள் 2024 முதல் விற்கும் புதிய லேண்ட் குரூசர் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே வருகிறது. நகரின் வடக்கே நீல் பகுதியில் ஃபோர்டு ஆலை. 1930-இல் ஹென்றி ஃபோர்டும் அன்றைய மேயர் கொன்ராட் அடனாவரும் அடிக்கல் நாட்டிய இடம். இன்று அங்கே தயாராவது மின்சாரக் கார்கள். அவற்றில் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. ஃபோர்டு பிராங்கோவைப் பாருங்கள். அமெரிக்காவில் மலைத்தடத்துக்கென்றே ஊர்ந்து செல்லும் கியர் ஒன்று வைத்த மேனுவல் உண்டு. 6.588, 3.06, 4.7 என்று பெருக்கினால் 94.75 வரை போகிறது. ஆட்டோமேட்டிக்கில் அதிகபட்சம் 67.8. ஐரோப்பாவுக்கு வந்ததோ ஆட்டோமேட்டிக் மட்டும். வாங்குபவர்களில் மலைத்தடத்துக்குப் போகிறவர்கள் சிறு பங்கு என்பதால் அவர்களுக்குரிய வாய்ப்பை முழுதாக எடுத்துவிடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஆனாலும் அந்த 67.8-ஐ இன்னொரு விதமாகவும் பார்க்கவேண்டும். அது ஜிம்னி மேனுவலின் 36-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பத்து கியர் ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் விகிதம் 4.7-ஐத் தாண்டுவதால் இறக்கத்திலும் எந்திரம் நன்றாகப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒன்றல்ல. நான்கு கியர் பழைய பெட்டியும் எட்டு, பத்து கியர் புதிய பெட்டியும் மலைத்தடத்தில் வெவ்வேறு வண்டிகள். நம் ஊர் ஃபார்ச்சூனரில் 2.8 டீசல் மேனுவலுக்கு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 500 என்று நிறுவனமே கூடுதல் வலுவைக் கொடுக்கிறது. அங்கே ஆட்டோமேட்டிக் எடுப்பவர் வலுவில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோர்ஸ் கூர்க்காவில் மேனுவல் மட்டும்தான், அதனால் யோசிக்க ஏதுமில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. ஜிம்னி என்றால் மேனுவல்தான்; நானும் அதைத்தான் தேடப் போகிறேன். எட்டு கியரோ அதற்கு மேலோ உள்ள ஆட்டோமேட்டிக்கும் நல்ல லோ கியரும், கியரைக் கையால் பூட்டி வைக்கும் வசதியும் சேர்ந்து இருந்தால் ஆட்டோமேட்டிக். லோ கியரே இல்லாத வண்டியை, பெட்டி எதுவானாலும், மலைத்தடத்துக்கென்று வாங்கவேண்டாம்.

விற்பவர் உங்களை ஏற்றத்துக்குத்தான் கூட்டிப்போவார். சாவியை வாங்கும் முன் ஒரு நல்ல இறக்கத்துக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். லோ கியர், முதல் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். வண்டி உங்களைவிட்டு ஓடினால் அதை வாங்காதீர்கள்.