பாலூட்டல் என்னும் அமானிதம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. எங்கள் தங்கைக்கு இரண்டாவது மகன் பிறந்தபோது அவனது மேலுதடு இடப்புறம் பிளவுபட்டிருந்தது. அப்பிளவு ஈறு வழியாக உள்ளே சென்று அண்ணத்தையும் பிளந்திருந்தது. உலகளவில் ஏறத்தாழ எழுநூறு குழந்தைகளுக்கு ஒன்று இவ்வாறு பிறப்பதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். அப்படியிருந்தும், இத்தகைய குழந்தைக்கு எவ்வாறு பாலூட்டுவது என்பதை நம் வீடுகளில் அறிந்தோர் மிகக் குறைவு. இன்ஷா அல்லாஹ் இன்னொரு வீட்டுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், உம்மாவும் நாங்களும் தங்கையும் அவள் கணவரும் சேர்ந்து கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

பால் இருந்தும் பசி

பிறந்த மருத்துவமனையில், "உதட்டைத் தைத்துவிடலாம், கவலை வேண்டாம்" என்றார்கள். பால் கொடுக்கும் முறையை எவரும் சொல்லவில்லை. தங்கை ஒரு மணி நேரம் மார்பில் வைத்திருப்பாள். குழந்தை களைத்து உறங்கும். கால் மணி நேரத்தில் பசித்து அழும். குடித்ததில் ஒரு பகுதி மூக்கின் வழியே வெளிவரும். பிறந்தபோது 2.8 கிலோ இருந்தவன் பன்னிரண்டாம் நாள் 2.45 கிலோவாக இளைத்திருந்தான். பிறந்த குழந்தைகள் முதல் சில நாட்களில் சற்று எடை குறைவது இயல்பே. ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

"எனக்குப் பால் இல்லை" என்று தங்கை அழுதாள். பால் இருந்தது; அதை உறிஞ்சத்தான் குழந்தையால் இயலவில்லை. பால் உறிஞ்ச வாய் ஒரு மூடிய அறையாக வேண்டும். முன்னே உதடுகள் மூட, மேலே அண்ணம் மூக்கைத் தடுக்க, நடுவில் வெற்றிடம் உண்டாகிப் பால் வருகிறது. அண்ணத்தில் திறப்பு இருந்தால் மூக்கின் வழியே காற்று புகுந்துவிடும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிப்பது போன்றதே இது. உதட்டில் மட்டும் பிளவுள்ள பல குழந்தைகள் மார்பிலேயே குடித்துவிடுகின்றன. அண்ணமும் பிளந்திருந்தால் மார்பில் மட்டும் வளர்வது மிகவும் அரிது.

குழந்தைகள் பிரிவில் இருந்த மூத்த செவிலியச் சகோதரி ஒருவரே எங்களுக்கு வழிகாட்டினார். பாலைக் கறந்து, பாலாடையில் எடுத்துப் புகட்டக் கற்றுத் தந்தார். நம் பாட்டிமார் சங்கில் பால் புகட்டிய முறைதான் அது. குழந்தையைப் படுக்க வைக்காமல், தலை நன்கு உயர்ந்திருக்குமாறு ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடிக்க வேண்டும். பாலாடையின் முனையைப் பிளவில்லாத பக்கம், கன்னத்தின் உட்புறம் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். ஒரு மிடறு விழுங்கிய பிறகே அடுத்தது. காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இடையிடையே தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும். மூக்கில் பால் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நிறுத்தி, தும்மவிட்டு, துடைத்துவிட்டுத் தொடரலாம். ஆனால் முகம் நீலமாக மாறினாலோ, ஒவ்வொரு முறையும் புரையேறினாலோ மருத்துவரிடம் விரைய வேண்டும்.

ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் நீண்டால், குடித்த பாலின் சக்தியைக் குடிக்கும் உழைப்பே தின்றுவிடும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லி என்று கணக்கிட்டார்கள். எங்கள் குழந்தைக்கு அப்போது எட்டு வேளை, வேளைக்கு 45 மில்லி வந்தது. கறந்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரையும், குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாட்கள் வரையும் கெடாது. அழுத்தினால் பால் வரும் மென்மையான புட்டிகளும் இக்குழந்தைகளுக்கென்றே கிடைக்கின்றன. எங்களுக்குப் பாலாடையே போதுமாயிற்று. பதினைந்தாம் நாளிலிருந்து எடை ஏறத் தொடங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

மார்க்கம் காட்டிய வழி

எடை ஏறிய பின்னும் தங்கையின் மனம் ஆறவில்லை. "இரண்டு ஆண்டுகள் பாலூட்டச் சொல்லியிருக்க, என் பிள்ளை என் மார்பில் குடிக்கவே இல்லையே" என்பாள். மதரஸாவில் ஆண்டுதோறும் நாங்கள் பாடம் நடத்தும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தை அவளுடன் அமர்ந்து மீண்டும் ஓதினோம். இரண்டு ஆண்டுகள் என்பது பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கான காலம் என்கிறது அவ்வசனம். குழந்தையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் அவ்வாறே. தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து மனமொத்துப் பால் மறக்கச் செய்தாலும், வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டினாலும் குற்றமில்லை. ஒரே வசனத்தில் குழந்தையின் வயிற்றுக்கும் தாயின் உடலுக்கும் தந்தையின் கடமைக்கும் இறைவன் இடமளித்துள்ளான். பால் குழந்தையைச் சேர்வதே அமானிதம். அது மார்பு வழியே சென்றதா, பாலாடை வழியே சென்றதா என்பதற்காக ஒரு தாய் தன்னை வதைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மாப்பிள்ளை அவ்வசனத்தைச் செயலில் காட்டினார். இரவு இரண்டு மணிப் பாலுக்கு எழுந்து, பாலாடைகளைக் கொதிநீரில் இட்டு எடுப்பது அவர் வேலையாயிற்று.

பிறந்த அன்று தஹ்னீக் பற்றியும் கேள்வி எழுந்தது. அது விரும்பத்தக்க சுன்னத்தே, கடமையன்று. தாய்ப்பாலைத் தவிர எதுவும் வாயில் வைக்கலாகாது என்று மருத்துவர் கூறியதால், காதில் பாங்கு சொல்லி, பரக்கத்துக்காகத் துஆச் செய்து நிறைவு கொண்டோம். தேன் தொட்டு வைக்கும் வழக்கமுள்ளோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஒரு வயது நிறையாத எந்தக் குழந்தைக்கும் தேன் ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கடும் நோயை உண்டாக்கும்.

அந்த முதல் வாரங்களில் தங்கைக்குப் பால் சுரப்பு குறைந்திருந்தது. அப்போது கைக்குழந்தையுடன் இருந்த மாப்பிள்ளையின் தங்கை, தன் பாலைக் கறந்து தர முன்வந்தார். மருத்துவரிடம் கேட்டு ஏற்றுக்கொண்டோம். அதற்கு முன் பெரியவர்களை உட்கார வைத்து ஒரு சட்டத்தை விளக்கினோம். இரண்டு வயதுக்குள் பாலருந்தினால் பால்குடி உறவு ஏற்படும். ஷாஃபிஈ மத்ஹபில் தனித்தனியாக ஐந்து முறை அருந்தியிருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும். மார்பில் குடிக்காமல் பாத்திரத்திலிருந்து குடித்தாலும் இச்சட்டம் பொருந்தும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. மாமி மகளை மணப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். இனி அந்த மாமியின் மகள் இவனுக்குப் பால்குடிச் சகோதரி, மணமுடிக்க முடியாது. "பிள்ளை பிழைக்கட்டும், பெண் வேறிடத்தில் பார்க்கலாம்" என்று உம்மா சொன்னது எல்லோருடைய மனத்தையும் இலேசாக்கியது. எத்தனை வேளை, எந்தத் தேதி, யாருடைய பால் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி இரு வீட்டிலும் வைத்திருக்கிறோம். பிறர் பாலைப் பெறும் எவரும் இவ்வாறு எழுதி வைப்பது நலம்.

இரண்டாம் மாதத்தில் ரமளான் வந்தது. கறந்து கொடுப்பதும் பாலூட்டலே என்பதால், தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் தாய்க்குரிய சலுகை இவளுக்கும் உண்டு என்று ஊர் ஆலிம்கள் கூறினர். விட்ட நோன்புகளைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஃபித்யாவும் உண்டு.

கிரகணத்தின் மீது பழி

பார்க்க வந்தோரில் சிலர், "ஐந்தாம் மாதத்தில் கிரகணம் வந்ததே, அப்போது வெளியே போனாயா?" என்று கேட்டார்கள். 'கிரகண மூளி' என்ற கொடிய சொல்லும் காதில் விழுந்தது. கருவில் உதடு உருவாவது நான்கு முதல் ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் இணைவது ஆறு முதல் ஒன்பதாம் வாரத்துக்குள். ஐந்தாம் மாதத்துக் கிரகணம் என்றோ முடிந்துவிட்ட ஒன்றை எவ்வாறு பிளக்கும்?

மார்க்கத்தின் விடை இதனினும் தெளிவானது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம், பால்குடி மறவாத பருவத்திலேயே மரணித்தார். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அவருடைய மரணத்துக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் சூரியனுக்கோ சந்திரனுக்கோ கிரகணம் பிடிப்பதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். மகனை இழந்த துயரிலும் அவ்வாறு உரைத்த நபியின் உம்மத்தில், ஒரு தாயின் மீது கிரகணத்தைச் சுமத்தலாமா?

அறுவையை ஒட்டிய நாட்கள்

உதட்டு அறுவைக்குப் பத்து வாரம், பத்துப் பவுண்டு, ஹீமோகுளோபின் பத்து என்பது மருத்துவர்களின் பழைய அளவுகோல். பத்துப் பவுண்டு என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோ. ஆகவே அறுவைக்கான ஆயத்தம் சமையலறையிலும் பாலாடையிலுமே தொடங்கிவிடுகிறது. வாரந்தோறும் எடை பார்த்தோம். நான்காம் மாதத்தில் 5.2 கிலோ ஆனபோது நாள் குறித்தார்கள்.

மயக்க மருந்துக்கு முன் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். இல்லையெனில் பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பொதுவாகத் தாய்ப்பாலை நான்கு மணி நேரத்துக்கு முன்பும், புட்டிப்பாலை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். தத்தம் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்ற வேண்டும். காலை எட்டு மணிக்கு அறுவை என்பதால், தஹஜ்ஜுத் வேளையில் எழுந்து கடைசிப் பாலைக் கொடுத்தோம். அதன்பின் அவன் அழுத அழுகையைத் தாங்குவதே எங்களுக்குப் பெரும் சோதனை. பசியைத் தாய் பார்த்தால் மார்பு சுரந்துவிடும் என்று உம்மாவே அவனைத் தோளில் போட்டு நடந்தார்.

அன்று மாலையே பாலாடையில் பால் கொடுக்கச் சொன்னார்கள். உதட்டறுவைக்குப் பின் உடனே மார்பில் விடலாம் என்போரும், சில நாட்கள் வேண்டாம் என்போரும் மருத்துவர்களிடையே உண்டு. ஒவ்வொரு முறையும் பாலுக்குப் பின் இரண்டு கரண்டி கொதித்தாறிய நீர் கொடுத்துத் தையலைச் சுத்தமாக வைத்தோம். கை வாய்க்குப் போகாதவாறு முழங்கையில் மடங்காத துணியுறை கட்டினார்கள்.

அண்ண அறுவை பதினோராம் மாதத்தில் நடந்தது, அதுவே கடினமானது. முதல் நாள் உமிழ்நீரில் சற்று இரத்தம் கலந்திருந்தது, இயல்பே என்றார்கள். புதிய இரத்தம் தொடர்ந்து வந்தால் உடனே சொல்ல வேண்டும். வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் புகட்டினால் குழந்தை மறுக்காது. வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் ஆகியவற்றைக் கரண்டி அண்ணத்தில் படாமல் கொடுத்தோம். ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரை தொடவில்லை. அவ்வாரம் குறைந்த எடை அடுத்த மூன்று வாரங்களில் திரும்பியது. இதன் பிறகும் காது கேட்கும் திறனைச் சோதிப்பதும் பேச்சுப் பயிற்சியும் உண்டு. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்குவது அதிகம்.

செலவை நினைத்துத் தயங்குவோர் அறிய வேண்டியது: 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டு, அண்ணப் பிளவுகளும் அடங்கும். அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் வழி சொல்வார்கள். ஸ்மைல் டிரெய்ன் அமைப்பின் உதவியோடு இலவசமாக அறுவை செய்யும் மருத்துவமனைகளும் நம் நாட்டில் உள்ளன.

சகோதரர்களே! உங்கள் தெருவில் இத்தகைய குழந்தை பிறந்தால், காரணம் கேட்டுப் போகாதீர்கள். "இன்று எத்தனை வேளை குடித்தான்?" என்று கேளுங்கள். தாய் ஒரு மணி நேரம் உறங்கும்வரை பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்கள். நோயாளியை நலம் விசாரிக்கும் சுன்னத் இதனால் நிறைவுறும்.

யா அல்லாஹ்! பிளவோடு பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பசியாறும் வழியைத் திறந்துவிடுவாயாக! அவர்களின் தாய்மாரின் உள்ளத்துக்கு அமைதியை அருள்வாயாக! ஆமீன்.