அத்தையின் தகரப்பெட்டி

சுங்கைப் பட்டாணிக்கு அருகே, முன்னாளில் இரப்பர்த் தோட்டமாய் விளங்கிப் பின்னர்ச் செம்பனைக் காடாய் மாறிவிட்ட ஓரிடத்திற்குச் சற்றுத் தொலைவில், மலிவு விலை வீடு ஒன்றில் 2009ஆம் ஆண்டு ஒரு மூதாட்டி காலமானார். அகவை 84. உறவு முறையில் அவரை அத்தை என அழைக்கும் உரிமை அண்ணன் மக்கள் இருவருக்கே உண்டு. எனினும், தோட்டத்து மக்கள் மூன்று தலைமுறையாக அவரை அத்தை என்றே அழைத்து வந்தனர். அவருக்கும் இயற்பெயர் ஒன்று இருந்தது என்பதை இறப்புப் பதிவின்போதுதான் பலரும் அறிந்தனர்.

ஈமக்கடன் முடிந்த மறுநாள், அண்ணன் மகளும் மகனும் கட்டிலின் கீழிருந்த தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தனர். உள்ளே இரண்டு கைத்தறிச் சேலைகள், ஒரு சாணைக்கல், பழைய நீல அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம், பணம் வைத்த தாளுறை ஒன்று ஆகியவை இருந்தன. இவையெல்லாம் எதிர்பார்த்தவையே. அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழே பழுப்பேறிய படிவம் ஒன்று கிடந்தது. அது குடியுரிமைக்கான விண்ணப்பம். நிரப்பப்படாத அதன் மேற்புறத்தில், எழுதப் பழகிய புதிதில் எழுதிய கோணல் எழுத்தில், பென்சிலால் ஒரு பெயர் மட்டும் இருந்தது. அது அவருடைய அண்ணனின் பெயர்.

மகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். அம்மௌனத்தின் பொருளை உணர வேண்டுமாயின் அத்தையின் வாழ்வைச் சிறிது பின்னோக்கிக் காண வேண்டும்.

அத்தை 1936இல், பதினொரு வயதுச் சிறுமியாகப் பெற்றோருடனும் அண்ணனுடனும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். 1941இல் மணம் முடிந்தது. 1943இல், சயாம் மரண இரயில் பாதை அமைக்கத் தோட்டந்தோறும் ஆள் திரட்டிய சப்பானியர் அவர் கணவரையும் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அவ்வாண்டு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, போனவர் திரும்பவில்லை. இறந்தார் என்று உறுதி கூற ஒருவருமில்லை; இருக்கிறார் என்று நம்பவும் வழியில்லை. போர் முடிந்த பின் மறுமணப் பேச்சு இருமுறை எழுந்தது. "என் நிரையை நான் வெட்டிக்கொள்கிறேன், என் சோற்றை நான் ஆக்கிக்கொள்கிறேன், இதில் எவருக்கு என்ன குறை?" என்று கேட்டு அப்பேச்சை அவர் நிறுத்திவிட்டார். தனியே வாழும் பெண்ணைப் பற்றி லயத்தில் எழாத பேச்சு உண்டா? எழுந்தது. அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய பெருமையெல்லாம் பால்வெட்டில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு முதலில் வந்து நிற்பவர் அவரே. குளிர்ந்த வேளையில்தான் மரம் தாராளமாகப் பால் தரும். வெயில் ஏறினால் சுரப்புக் குறைந்துவிடும். உளியை முதல்நாள் இரவே சாணைக்கல்லில் தீட்டி வைத்திருப்பார். பட்டையைத் தடிப்பாகச் சீவினால் மரத்தின் ஆயுள் குறையும். ஆழமாய்ச் சீவினால் உள்ளே காயம் பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அத்தையின் நிரையில் மரங்களின் மறுபட்டை சுவர்போல் வழவழப்பாய் இருக்கும். புதிதாய் வேலைக்கு வருபவர்களை அந்நிரைக்கு அழைத்துச் சென்று, "இப்படி வெட்டு" என்று தண்டல் காட்டுவது வழக்கம். கூலி மட்டும் எல்லாருக்கும் கிடைத்ததுதான். மழை பெய்த நாளில் அதுவும் இல்லை.

முப்பது வயதைக் கடந்த பின்னர் எழுத்துக் கற்கத் தொடங்கினார். தோட்டப் பள்ளியின் ஆசிரியர் மாலையில் அஞ்சடியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். அத்தை கோட்டுப்பால் நாற்றம் மாறாத கையோடு பிள்ளைகளுக்குப் பின்னால் அமர்ந்து பலகையில் எழுதுவார். பிள்ளைகள் சிரித்தனர், அவரும் சேர்ந்து சிரித்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம் பெறுவதற்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது அத்தையும் ஒரு வெள்ளி கொடுத்தார். அவர் அப்பல்கலைக்கழகத்தைக் கண்ணால் கண்டவரல்லர்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. மொழித் தேர்வின்றிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஓராண்டுக் கால வாய்ப்பும் கிடைத்தது. ஆசிரியர் இதனை விளக்கிய நாள்முதல் அத்தைக்கு அதுவே வேலையாயிற்று. வீடு வீடாகச் சென்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் படிவம் நிரப்ப ஆட்களைத் திரட்டினார். பதினொரு பேரைத் தம் செலவிலேயே பேருந்தில் ஏற்றிப் பட்டணத்து அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றார். தமது விண்ணப்பத்தில் பெருவிரல் பதிக்க மறுத்துக் கையெழுத்திட்டார். சொந்த அண்ணனைத்தான் அவரால் அசைக்க முடியவில்லை.

"அண்ணே, பெயரை மட்டுமாவது எழுதிக் கொடுங்கள், மற்றதை வாத்தியார் பார்த்துக்கொள்வார்."

"எதற்கம்மா இது? இன்னும் நாலைந்து வருடம் உழைத்தால் ஊரில் இரண்டு மா நிலம் வாங்கிவிடலாம். போகிறவனுக்குக் குடியுரிமை எதற்கு?"

அண்ணனைக் குறை கூறுவது எளிது. அவரைப்போல் எண்ணியவர்கள் அன்று தோட்டந்தோறும் இருந்தனர். ஊர் என்றால் அவர்களுக்குக் கடலுக்கு அப்பால் இருந்ததுதான்.

1961இல் அண்ணி மறைந்தார். மூன்று வயது மகளும் ஒரு வயது மகனும் அத்தையின் மடிக்கு வந்து சேர்ந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் துன் வீ.தி. சம்பந்தன், துண்டாடப்பட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கும் பொருட்டுத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். மாதம் பத்து வெள்ளி கட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே அத்தை அதைக் கட்டி வந்தார். பெட்டியில் இருந்த பங்குப் புத்தகம் அதுதான்.

1969க்குப் பின் குடியுரிமை இல்லாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த அண்ணனுக்கு வேலை போயிற்று. 1970இல் பினாங்குத் துறைமுகத்தில் ரஜுலா கப்பலேறி நாகப்பட்டினம் சென்றார். பிள்ளைகள் இந்நாட்டில் பிறந்த குடிமக்கள். படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று அத்தையிடம் விட்டுச் சென்றார். இரண்டாண்டில் திரும்புவதாகச் சொன்னவர் திரும்பவேயில்லை. 1978இல் ஊரிலேயே இறந்தார். செய்தி தாங்கிய கடிதம் இங்கு வருவதற்குள் பதினாறாம் நாளும் கழிந்திருந்தது.

மகனுக்கு அன்று பதினெட்டு வயது. "நீங்கள் ஒரு வார்த்தை வலியுறுத்திச் சொல்லியிருந்தால் அப்பா இங்கேயே இருந்திருப்பார்; உங்கள் காரியத்தை மட்டும் பார்த்துக்கொண்டீர்கள்" என்று அத்தையை நோக்கிக் கூறிவிட்டுத் தைப்பிங்கிற்கு வேலைக்குப் போய்விட்டார். ஏழு மாதம் கடிதம் இல்லை. பின்னர் வந்தார், போனார், மணம் செய்துகொண்டார், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தார். ஆனால் அச்சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை. அத்தையும் அதற்கு மறுமொழி சொன்னதில்லை. பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். ஏன் காட்டவில்லை? இறந்த தந்தையின் மீது பிள்ளைக்கு மனக்குறை வந்துவிடக் கூடாது என்று எண்ணியிருக்கலாம். தம் செயலுக்குச் சான்று காட்டி நிற்பது அவர் இயல்பன்று என்றும் கொள்ளலாம். எவ்வாறாயினும், முப்பத்தோர் ஆண்டுக் காலம் அவ்விளைஞரைத் தவறான எண்ணத்தோடு வாழவிட்டது அத்தையின் குறையே. அன்பு மிகுந்தவர்களிடமும் இத்தகைய பிடிவாதம் உண்டு.

மகளின் கதை வேறு. ஆறாம் வகுப்பு முடிந்ததும் அவளை ஆயாக்கொட்டகை வேலைக்கு அனுப்பலாம் என்று பலர் கூறினர். அத்தை அவளைப் பட்டணத்துப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்த்தார். பேருந்துக் கட்டணத்திற்காக ஞாயிறுதோறும் பிறர் வீட்டுத் தோட்டங்களில் புல் வெட்டினார். அம்மகள் பின்னாளில் ஆசிரியையானாள். நகரத்து வீட்டிற்கு வந்துவிடும்படி அவள் எத்தனையோ முறை அழைத்தாள். இரண்டு நாள் தங்குவார். மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்து, "என் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்று பையை எடுத்துக்கொள்வார்.

பணம் இருந்த தாளுறையின் மேல் அவருடைய கையெழுத்திலேயே கணக்கு எழுதியிருந்தது: பாடை, பூ, விறகு, வண்டிக்கூலி. அடியில் ஒரு வரி: 'முச்சந்திக் கடையில் அரிசி பாக்கி 18 ரிங்கிட்.'

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மகன் எழுந்தார். அக்காவை உடன் வர வேண்டாம் என்று கூறிவிட்டுத் தாமே கடைக்கு நடந்தார். கடைக்கார மலாய் மூதாட்டி பணத்தை வாங்க மறுத்தார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் பதினெட்டு ரிங்கிட் ஒரு பொருட்டா என்றார். "வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. என் அத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்" என்று அவர் மலாயில் கூறினார். மூதாட்டி கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். பாக்கி பதினேழரை ரிங்கிட்தான் என்று சொல்லி, ஐம்பது காசைத் திருப்பிக் கொடுத்தார்.