கேத்தில் மூக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி

நோர்பரியில் சின்னம்மா வீட்டுக் குசினி. ஜனவரிக் குளிரில் கண்ணாடி முத்து முத்தாக வேர்த்திருந்தது. "யன்னலைக் கொஞ்சம் திறந்து விடு பிள்ளை, உள்ளுக்கெல்லாம் ஆவி" என்றார். நான் கொதிக்கும் கேத்திலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெண்புகை அதன் மூக்கை ஒட்டிக் கிளம்பவில்லை. ஒரு விரல் தள்ளித்தான் தொடங்கியது. ஒன்றுமே இல்லாததுபோல் தெரிகிற அந்த இடைவெளியில் இருப்பதுதான் நீராவி. வெள்ளையாகத் தெரிவது, அது குளிர்ந்து துளியானது.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவியை அளப்பவர்களின் கதை இதே லண்டனில் தொடங்கியது. நோர்பரியில் ரயில் ஏறி விக்டோரியாவில் இறங்கி, கிரீன் பார்க் வழியே நடந்தால் ஆல்பமார்ல் தெருவில் ராயல் இன்ஸ்டிடியூஷன். இயற்பியலாளர் ஜான் டின்டால் 1859இல் நீண்ட பித்தளைக் குழாயோடு மல்லுக்கட்டியது இங்கேதான். வாயுவை அடைத்து, ஒரு முனையிலிருந்து வெப்பக் கதிரை அனுப்பி, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தார். குழாயின் வாயைக் கண்ணாடியால் மூட முடியாது. அது வெப்பக் கதிரைத் தடுத்துவிடும். எனவே பாறை உப்பை இழைத்துத் தகடாக்கிப் பொருத்தினார். உலர்ந்த காற்று கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டது. ஈரக்காற்றோ விழுங்கியது.

பெர்லினிலிருந்து இயற்பியலாளர் மாக்னஸ் மறுத்தார்: உப்புத் தகட்டில் படிந்த ஈரம்தான் கதிரைத் தடுக்கிறது, ஆவி அல்ல. நம் சமையலறை உப்பு மழைக்காலத்தில் கசிவதை அறிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகத்தின் நியாயம் புரியும். டின்டால் தகடுகளையே கழற்றிவிட்டுத் திறந்த குழாயில் மறுபடி அளந்தார். கண்டுபிடிப்பைவிட அந்தப் பொறுமையே என்னை அதிகம் ஈர்க்கிறது.

இன்றைய குழாய், வானம். பூமி விண்வெளிக்கு அனுப்பும் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, 15 மைக்ரானுக்கு மேற்பட்ட தொலை அகச்சிவப்பில் போகிறது. அந்த அலைநீளங்களை நீராவி பலமாக உறிஞ்சுவதால், லண்டன் தரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தலைக்குச் சற்று மேலுள்ள காற்றுதான் தெரியும், அதற்கப்பால் திரை. உயரத்து ஆவி மிகச் சொற்பம், ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அதன் பங்கு பெரிது. அதைப் பார்க்கத் திரைக்கு மேலே ஏறியாக வேண்டும்.

ஏற்றிச் செல்வது 'ஃபாம்' ஆய்வு விமானம். 1981இல் முதன்முதலாகப் பறந்த பிஏஇ 146 ரகத்தின் முதல் விமானமே பின்னாளில் மாற்றியமைக்கப்பட்டுப் பறக்கும் ஆய்வகமானது. 35,000 அடி வரை ஏறும். இம்பீரியல் கல்லூரியினர் உருவாக்கிய 'டாஃப்ட்ஸ்' நிறமாலைமானி அதில் பறந்திருக்கிறது. மேலிருந்து இறங்கும் கதிர், கீழிருந்து ஏறும் கதிர் இரண்டையும் அது பார்க்கும். தம் சொந்த வெப்பமே கணக்கைக் கெடுக்காதபடி அதன் உணரிகள் திரவ ஹீலியத்தால் சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 269 பாகை வரை குளிர்விக்கப்படுகின்றன. வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த கரும்பரப்புகளை இடையிடையே பார்க்கவைத்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள். தராசில் படிக்கல்லை வைத்துப் பார்ப்பதுபோன்ற வேலை. குலுங்கும் விமானத்தில், மணிக்கணக்கில்.

2015இல் அந்தக் கருவி கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் மேல் பறந்தது. காற்று அவ்வளவு உலர்ந்திருந்ததால், தொலை அகச்சிவப்பில் பனி எப்படி வெப்பத்தை உமிழ்கிறது என்று விமானத்திலிருந்தே அளக்க முடிந்தது.

மறுவருடம் அதே விமானம் நம் பக்கம் வந்தது. 'இன்காம்பாஸ்' என்ற இந்திய-பிரிட்டிஷ் கூட்டுத் திட்டத்துக்காக லக்னோவிலும் பெங்களூருவிலும் தங்கிப் பருவமழைக் காற்றை அளந்தது. அரபிக் கடலின் ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிவிட்டு, கிழக்கே மழைமறைவுச் சமவெளிக்கு எவ்வளவு மிச்சத்தோடு இறங்குகிறது என்ற கேள்வியும் அந்தப் பயணத்தில் இருந்தது. ஆடிக் காற்றில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் நம் மானாவாரி விவசாயி கேட்பதும் அதைத்தான்.