பேரு மூணு, ஃபோல்டர் ஒண்ணு

கேம்பஸ்ல யாரோட லேப்டாப்பை வேணும்னாலும் திறந்து பாருங்க. டெஸ்க்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’, பக்கத்துல ‘நியூ ஃபோல்டர் 2’, உள்ளுக்குள்ள ‘அசைன்மென்ட் ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’. அசைன்மென்ட் தொலைஞ்சா மார்க்ஸோட போயிடும். எங்க அப்பாயியோட டிரங்குப் பெட்டியில இருக்கிற காகிதங்கள் அப்படியில்ல.

ஹட்டன் பக்கத்து லயத்துல அந்தப் பெட்டிதான் எங்க குடும்பத்தோட காப்பகம். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் காகிதம், ஈ.பி.எஃப். சீட்டுகள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூர் போன சொந்தக்காரங்க எழுதின கடிதங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அப்பா இலங்கையில பிறந்திருக்கணும், இல்லாட்டி தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்கணும் என்று கேட்டது. பிறப்பையே பதியாத சனம் எதைக் காட்டும்? நாடற்றவர் பிரச்சினை தீர 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டியிருந்தது. எங்க ஆட்கள் ஒரு துண்டுச் சீட்டைக்கூட வீசாததுக்குக் காரணம் இதுதான்.

போன லீவுல எல்லாத்தையும் ஃபோன்ல படம் பிடிச்சேன். அது ஒரு பகல் வேலை. பேர் வைக்கத்தான் ஒரு கிழமை போச்சு. அப்பாயிக்குக் காகிதத்துல மூணு பேர். ஒண்ணுல ‘ஆயி’ன்னு முடியுது, இன்னொண்ணுல ‘அம்மாள்’, சிங்களத்துல எழுதினதுல எழுத்தே வேற. எதை ஃபோல்டருக்கு வைக்கிறது?

நூலகம் தளத்துல ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எண் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதையே எடுத்துக்கிட்டேன். அப்பாயி 01, அப்பா 02. ஃபோல்டருக்கு எண் மட்டும். மூணு பேரையும் காகிதத்துல உள்ள மாதிரியே ஒரு எக்செல் ஷீட்ல போட்டேன். எதையும் ‘திருத்தலை’. திருத்தினா நாளைக்கு ஒரிஜினலோட ஒத்துப்போகாது.

ஃபைல் பேருல வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், நாள்: 1987-05-12. நாளை முன்னுக்குப் போட்டா கம்ப்யூட்டர் மே 12ஐயும் டிசம்பர் 12ஐயும் ஒண்ணா அடுக்கிடும். திகதி இல்லாத கடிதங்களுக்குத் தனி ஃபோல்டர். ஊகிச்சுப் போடுறதுல எனக்கு உடன்பாடில்ல.

கொப்பி மூணு: லேப்டாப், பென்டிரைவ், கூகுள் டிரைவ். பென்டிரைவ் கொழும்புல வேலை செய்ற அக்காகிட்ட. லயத்துக்குள்ளயே எல்லாத்தையும் வைக்கிறது சரிவராது. 2014 ஒக்டோபர் 29 காலையில மீரியபெத்தையில லயங்களே மண்ணுக்குள்ள போச்சே.

போன மாசம் அம்மா கோல் எடுத்து ஈ.பி.எஃப். சீட்டு கேட்டாங்க. பஸ்ஸுல நின்னபடியே அனுப்பினேன். “இவ்வளவு சீக்கிரமா? பெட்டியத் தொறந்தியா?”ன்னாங்க. பெட்டிச் சாவி அப்பாயி இடுப்புல.