கோரைக் கட்டும் இறால் குட்டையும்

பத்தமடையில் பாய்க்குக் கோரையைக் கீறிக் காயவைத்து, பிறகு சில நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எதிர்வீட்டுப் பாய்க்கார அக்காவுக்காகக் கோரைக் கட்டுகளை ஆற்றில் அமுக்கிவிட்டு வருவேன். ஒருமுறை ஒரு கட்டு சேற்றுக்குள் இறங்கிப்போய்விட்டது. மறந்தும் போனேன். ரொம்ப நாள் கழித்துக் காலில் தட்டுப்பட, தோண்டி எடுத்தால் மேலே கரி பூசியது போல் கறுத்திருந்ததே தவிர, மக்கவில்லை. அதை ஈரத்தோடு அக்கா வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன். நாலு நாளில் பூசணம் பிடித்து, தொட்டால் பிய்ந்தது.

"ஏல, சேத்துக்குள்ள கெடந்த மட்டும் நல்லாத்தானல கெடந்துச்சு? காத்துல போட்டு நாசமாக்கிட்டியே!"

அக்கா வைதது அப்போது புரியவில்லை. பிற்பாடு பேங்க் வேலையில் முத்துப்பேட்டைப் பக்கம் போனபோதுதான் புரிந்தது.

1993-ல் கடற்கரை முழுக்க இறால் பேச்சு. நாலு மாதத்தில் டைகர் இறால் அறுவடை, டாலரில் வியாபாரம். எங்கள் கிளையிலும் கடன் கேட்டு வரிசை. நியாயமாகச் சொல்வதானால், தமிழ்நாட்டில் கூடுதலான குட்டைகள் நெல் வயலிலும் உவர் தரிசிலும்தான் வெட்டப்பட்டன. தாய்லாந்து, ஈக்வடார் போலக் காட்டை அழித்து வெட்டியது இங்கே குறைவு. ஆனால் நான் பரிந்துரைத்த ஒரு கடன், அலையாத்திக் காட்டின் விளிம்பில் இருந்த ஒரு துண்டு நிலத்துக்கு. மரம் எப்போதோ போயிருந்தது. மண் காட்டு மண்.

பொக்லைன் இறங்கிய அன்று நான் அங்கே நின்றேன். மை மாதிரி கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். கூடவே பழைய கண்டல் வேர்கள், அப்படியே நார் நாராக. எனக்கு உடனே அந்தக் கோரைக் கட்டு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்து என்ன, கையெழுத்து முன்பே போட்டாயிற்று.

கண்டல் சேற்றில் காற்று புகாது. விழுகிற இலையும் சாகிற வேரும் சட்டென்று மக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் அடியில் சேர்ந்துகொண்டே போகும். மரம் காற்றிலிருந்து வாங்கிய கரி அங்கே பத்திரமாகக் கிடக்கிறது. கடல் நீரிலுள்ள கந்தகமும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்து ஒரு தாதுவாகி அதுவும் அடங்கிக் கிடக்கும். வெட்டி வெளியே போட்டால் இரண்டும் காற்றைப் பார்க்கின்றன. கரி, கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. கந்தகம், கந்தக அமிலமாகிறது. ஆறு மாதம் கழித்துப் போனபோது வரப்பு மண்ணில் வைக்கோல் மஞ்சளில் திட்டுகள். ஓரத்து நீரில் துருச் சிவப்பு.

"சுண்ணாம்பு போட்டுக்கிட்டே இருக்கேன் சார், குடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார் அந்த விவசாயி.

1994 கடைசியில் வெண்புள்ளி நோய் வந்தது. அவருக்கு மூன்றாவது அறுவடை கைக்கு வரவில்லை. 1996 டிசம்பர் 11-ல் சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். அது அப்படியே நடக்கவில்லை. 2005-ல் தனிச் சட்டம் வந்து ஒழுங்குபடுத்தினார்கள். அதற்குள் அவருடைய குட்டை தானாகவே காய்ந்து, வெடித்து, உப்புப் பூத்துக் கிடந்தது.

ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். டொமினிக்கன் குடியரசில் அளந்து 2014-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல கண்டல் காட்டில் ஒரு ஹெக்டேருக்குச் சராசரி 853 டன் கரி. கைவிட்ட இறால் குட்டையில் 95 டன். முத்துப்பேட்டையிலேயே வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, நீரோட்டம் கொடுத்து, சீரழிந்த இடங்களில் காட்டை மீட்டிருக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் மரம் பத்து இருபது வருஷத்தில் வந்துவிடும். அடிச்சேறு அப்படி வராது. எங்கள் கடன் மனுவில் கிணறு உண்டா, மின் இணைப்பு உண்டா, வில்லங்கம் உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேட்டோம். அடியில் என்ன மண் என்று கேட்க ஒரு வரி கிடையாது.

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலிலும் வெண்கண்டல் நிற்கிறது. போன தை மாதம் பேரனோடு போயிருந்தேன். சேற்றில் கால் வைத்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, சாக்கடையா?" என்றான். கோரைக் கட்டுக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே நண்டைப் பார்த்து ஓடிவிட்டான்.

அந்த விவசாயி மனைவியின் நகையை விற்றுத்தான் கடனை முடித்தார். கடைசித் தவணை கட்ட வந்த அன்று என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அதுல இனிமே நெல்லு வெளையுமா சார்?" என்று கேட்டார். விவசாய அதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதமே எனக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.